இருநூறு மணி நேரக் கோடு

கொழிஞ்சாம்பாறை
2 ஜூன் 2025

அன்புள்ள ஆனந்தி அம்மணிக்கு,

நானும் உன் அத்தையும் நலம். சின்னக்கானலில் மழை பிடித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். புது அறை ஒழுகாமல் இருக்கிறதா?

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதைச் சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன். போனில் நான் எப்போதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையையும் தேங்காயையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மே மாதம் நீ வந்து, நவீன் டிவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டுப் பெட்டியை எங்களிடம் வைத்துவிட்டுப் போனாய். மலை ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும், காய்ந்த ஊரில் இருக்கட்டும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் கரண்ட் கொடுத்தால் போதும் என்றாய். "ஆட்டத்த மட்டும் தொறந்துராதீங்க மாமா. அவரு நிப்பாட்டுன எடத்துலயே நிக்கட்டும்" என்றும் சொன்னாய். அதை அன்றைக்கே தேதி போட்டு நோட்டில் எழுதினேன். எழுதி வைத்த பிறகும் இப்படிச் செய்துவிட்டேன்.

நேற்று கரண்ட் கொடுத்தபோது, டிவியில் படம் வந்தால்தானே பெட்டி நன்றாக இருக்கிறதா என்று தெரியும் என நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பட்டனை அமுக்கியதும் ஆட்டம் திறந்துகொண்டது. ஒரு மலையுச்சி. நீலத் துண்டு போட்ட ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். கீழே ஏரி. இவன்தான் நவீன் இத்தனை நாள் நடத்திக்கொண்டிருந்த ஆள் என்று புரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கன்ட்ரோலரில் இருந்த சின்னக் குச்சியைத் தொட்டேன். அவன் திரும்பவில்லை, நடந்தான். ஒரே எட்டுதான், ஏரியில் விழுந்துவிட்டான்.

கண்ட கண்ட பட்டன்களை அமுக்கினேன். வரைபடம் ஒன்று வந்தது. அதில் ஏதோ ஒரு குறியில் விரல் பட்டது. அடுத்த நொடி அவன் எங்கோ தொலைவில் ஒரு கல் மண்டபத்தில் நின்றான். திரையின் மூலையில் 'பதிவு செய்யப்பட்டது' என்று வந்து போனது. இந்த ஆட்டத்தில் ஒரே பதிவுதான் உண்டாம், புதியது பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளுமாம். இதையெல்லாம் பிறகு உதவிப் பக்கங்களைப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் படித்திருக்க வேண்டும்.

ஒரு நம்பிக்கை மட்டும் உண்டு. அந்த வரைபடத்தில் நவீன் போன வழியெல்லாம் ஒரு பச்சைக் கோடாகத் தெரிகிறது. தென்மேற்கில் ஓர் ஆற்றங்கரையில், நண்டு ஓடிய மணல் மாதிரி ஒரு சிக்கலில் அது ஆரம்பிக்கிறது. முடிவது அந்த மலையுச்சியில். ஆரம்பத்தையும் முடிவையும் நோட்டில் வரைந்துகொண்டேன். பக்கத்துச் சித்தூர் சர்வே ஆபீஸில் முப்பத்தொரு வருடம், காணாமல் போன எல்லைக்கற்களைத் தெரிந்த கல்லிலிருந்து அளந்துபோய்ப் பிடித்தவன் நான். இதையும் பிடித்து, அவனைப் பழைய இடத்தில் நிறுத்திவிடுவேன்.

கோபப்படு. பதில் மட்டும் எழுது.

காளிச்சாமி


சின்னக்கானல்
9 ஜூன் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கே எழுதியிருந்தால் பிறகு வருத்தப்படும்படி ஏதாவது எழுதியிருப்பேன். இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன். இப்போதும் நன்றாக வரவில்லை.

ஒரே ஒரு காரியம்தான் கேட்டேன்.

சரி, போகட்டும். இப்போது இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். தயவுசெய்து நடக்காதீர்கள். அந்தப் பச்சைக் கோடு கடைசி இருநூறு மணி நேரத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆடினால், கோட்டின் ஆரம்பத்திலிருந்து ஒரு நிமிடம் அழியும். சும்மா நின்றாலும் அழியும். வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் நேரம் ஓடாது.

உங்கள் மகன் நூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி நேரம் ஆடியிருந்தார். அதோடு அவராகவே நிறுத்தினார். பிறகு பெட்டியைப் போட்டால் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்.

இப்போது புரிகிறதா மாமா? நீங்கள் நடந்தால் அவர் நடந்தது போய்விடும். பெட்டியை அணைத்துத் துணி போட்டு மூடி வையுங்கள்.

பாக்டரியில் எனக்குக் காலை ஷிப்டு. பகலில் போன் எடுக்க முடியாது. எடுத்தாலும் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை.

ஆனந்தி


கொழிஞ்சாம்பாறை
11 ஜூன் 2025

அன்புள்ள ஆனந்தி அம்மணிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஒரு நல்ல செய்தி இருப்பதால் எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ஆறு வழிகள் இருக்கின்றன. எதை நம்பலாம் என்று தெரியாமல் இறங்க எனக்குத் தைரியமில்லை. அதனால் ஒரு பாலத்துக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியையும் மூன்று முறை கடிகாரம் வைத்து அளந்தேன். நடந்தால் நான்கு நிமிடம் பத்து நொடி. ஓடினால் மூன்றுக்குள் முடியும், ஆனால் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது. குதிரையில் ஒன்றேகால் நிமிடம். குதிரை நல்லதுதான், பாறையைக் கண்டால் நின்றுவிடுகிறது, மரத்தில் முட்டிக்கொள்கிறது. படகு காற்றைப் பொறுத்தது. உயரமான இடத்திலிருந்து ஒரு துணியை விரித்துக் குதித்தால் பறவை மாதிரி மிதந்து இருபது நொடியில் போய்விடலாமாம். அதை மட்டும் நான் அளக்கவில்லை. விளிம்பு வரை போனேன். திரையில்தான் என்று தெரிந்தும் உள்ளங்கால் கூசியது. ஆறாவது, வரைபடத்தில் குறியைத் தொட்டால் அந்த நொடியே அங்கே நிற்பது. ஃபாஸ்ட் டிராவல் என்று போட்டிருக்கிறது. நேரமே ஆவதில்லை. ஆனால் கோட்டில் இடைவெளி விழுந்துவிடுகிறது.

வேகம் வேண்டுமானால் குறியைத் தொட்டுப் போய்க் குதிப்பதுதான் சிறந்த வழி. நான் நடந்தேன். எங்கள் தொழிலில் இடையில் தாவுவது கிடையாது. தெரிந்த புள்ளியிலிருந்து சங்கிலி சங்கிலியாக அளந்துகொண்டு போக வேண்டும். அதுவுமில்லாமல் அவன் போட்ட கோட்டின் மேலேயே கால் வைத்துப் போவது எனக்குப் பிடித்திருந்தது. அவன் எங்கே சுற்றினானோ அங்கே சுற்றினேன். ஒரு ஆப்பிள் தோட்டத்தை அவன் ஏனோ மூன்று தடவை சுற்றியிருக்கிறான், நானும் சுற்றினேன்.

பதின்மூன்று மணி நேரத்தில் அந்த மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அளவு சரிதானா என்று சோதிக்கப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அளந்து வருவது சர்வேயில் சட்டம். ஆகவே திரும்பவும் கல் மண்டபம் வரை நடந்தேன். அளவு சரியாக இருக்கிறது. இனிக் கடைசியாக ஒருமுறை போய் அவனை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

உன் அத்தை நேற்று மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, பொட்டிக்குள்ள நடக்கறதுக்கு மட்டும் காலு வருதாக்கும் உங்களுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

காளிச்சாமி


கொழிஞ்சாம்பாறை
14 ஜூன் 2025

ஆனந்தி,

உன் கடிதம் நேற்று வந்தது. என் கடிதம் இந்நேரம் உன்னிடம் வந்திருக்கும். அதைப் படித்தாயா? படிக்காமலிருந்தால் கிழித்துவிடு.

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஆற்றங்கரையில் இருந்த சிக்கல் இல்லை. அங்கிருந்து வடக்கே போன நீளமான துண்டும் இல்லை. கோடு இப்போது ஒரு காட்டு நடுவே திடீரென்று ஆரம்பிக்கிறது. என் நோட்டுப்படி நான் ஆடியது இருபத்தொன்பது மணி நாற்பது நிமிடம். மூன்று மூன்று முறை அளந்து சராசரி எடுத்ததும், சரி பார்க்கத் திரும்பி நடந்ததும் அதில் சேர்த்தி. ஒருமுறை போயிருந்தாலே போதும். நானோ சட்டப்படி இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

இனி ஒரு அடியும் நடக்கக் கூடாது என்று மலையுச்சியில் குறி இல்லாததால், அதற்கு எதிரே இருக்கிற கோபுரத்தின் குறியைத் தொட்டு அதன் மேல் போய் நின்றேன். அங்கிருந்து துணியை விரித்தால் ஒரு நிமிடத்தில் உச்சியில் இறங்கிவிடலாம். கட்டைவிரலைப் பட்டனின் மேல் வைத்தேன். அமுக்க முடியவில்லை. சரியாக இறங்காவிட்டால் என்ன ஆகும், மறுபடி ஏரியில் விழுந்தால் எத்தனை நிமிடம் போகும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நின்றாலும் அழியும் என்று நீ எழுதியது அப்புறம்தான் உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தால் நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியை அணைத்தேன்.

உன் அத்தை கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். பதில் உண்டு, உனக்குச் சொல்கிறேன். நவீனுக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தான். உன் அத்தை ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தனியாக இரண்டு முறை மலையேறி வந்தாள். நான் ஒரு முறையும் வரவில்லை. அறுப்பு முடியட்டும் என்றேன். தென்னைக்கு மருந்து வைக்க ஆள் வருகிறான் என்றேன். உடுமலையிலிருந்து மேலே வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்றேன். தலை சுற்றும் என்பது மட்டும்தான் உண்மை, அதுவும் காரணமில்லை. கையில் குழாய் மாட்டிப் படுத்திருப்பவனை நான் எப்படிப் பார்ப்பது, பார்த்து என்ன பேசுவது என்று பயந்தேன். கடைசியில் அவன்தான் ஆம்புலன்சில் என்னிடம் வந்தான்.

இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

காளிச்சாமி


சின்னக்கானல்
20 ஜூன் 2025

மாமாவுக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலில் அளவெடுத்த கடிதத்தைப் பிரித்துவிட்டேன். ஜானகியம்மாள் பக்கத்தில் இருந்தார், என்னோடு இந்த அறையில் இருப்பவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னாச்சு தாயி?" என்று கேட்டார். என்ன சொல்ல? "எங்க மாமா ஒரு கோட்ட அழிச்சுட்டாரும்மா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கோலமா?" என்றார்.

அந்த ஆற்றங்கரைச் சிக்கல் அவருடையது இல்லை மாமா. என்னுடையது.

பெட்டி வாங்கி வந்த முதல் மூன்று நாளும் நான்தான் ஆடினேன். அப்போது அவருக்கு நோய் வரவில்லை, ரிசார்ட்டில் வேலையில் இருந்தார். எனக்குக் குதிரை ஓட்ட வரவில்லை. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும், குதிரையோடு ஆற்றில் விழுவேன். "குதுரைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறயா?" என்று கேட்டுச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த எண்ணிக்கை மறந்துவிட்டது. அதற்கப்புறம் நான் கன்ட்ரோலரைத் தொடவில்லை. என்னுடையது என்று அதில் இருந்தது அந்தக் கிறுக்கல் மட்டும்தான். இருநூறு மணி தாண்டினால் அது போய்விடும் என்று தெரிந்துதான் அவர் ஆட்டத்தையே நிறுத்தினார். ஆடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத நிலையில் இருந்தவர் மாமா.

நீங்கள் ஆறு வழி எழுதியிருந்தீர்கள். அவர் குறியைத் தொட்டுப் போனதே கிடையாது. "ஆஸ்பத்திரிக்குப் போனமா வந்தமான்னு என்னைய எடம் மாத்தி எடம் வெக்கறாங்க. இங்கயாச்சும் வழியெல்லாம் பாத்துட்டுப் போறேன்" என்பார். அதனால்தான் கோடு எங்கேயும் அறுந்திருக்காது. இப்போது அறுந்திருக்கும்.

இன்னொன்றையும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

கடைசியாக ஏன் அந்த உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அங்கே ஏரி இருக்கிறது, இங்குள்ள ஆனையிறங்கல் அணை மாதிரியே இருக்கும். ஆனால் ஏரிக்காக இல்லை. அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளியிலிருந்து மேலேறி வருகிற ரோடு முழுக்கத் தெரியும். திரையில் வண்டிகள் வளைந்து வளைந்து வருவதை வேலைக்குப் போகும் முன் நானும் பார்ப்பேன். "அப்பா வந்தாருன்னா அந்தக் கடேசி வளைவுலயே பாத்துரலாம். நீ டீக்குத் தண்ணி வெக்கறதுக்கு நேரமிருக்கும்" என்பார். முதலில் சிரித்துக்கொண்டு சொல்வார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார். அறுப்பு முடியட்டும் என்று நீங்கள் போனில் சொன்ன அன்றைக்குத்தான் ஆளை அங்கே நிறுத்தினார்.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். மன்னித்தேன் என்று எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

கோபுரத்திலிருந்து குதியுங்கள் மாமா. ஒரு நிமிடம்தான். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், நின்றால் இன்னும் போகும். உச்சியில் இறங்கியதும் அவரை ரோட்டைப் பார்த்து நிற்க வைத்து அணைத்துவிடுங்கள்.

ஆனந்தி


உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு
26 ஜூன் 2025, காலை

ஆனந்தி அம்மணிக்கு,

நீ சொன்னபடி குதிக்கலாம் என்று கன்ட்ரோலரை எடுத்தேன். முடியவில்லை. பெட்டியை ஆன் செய்யவே இல்லை, அதனால் ஒரு நிமிடமும் போகவில்லை. கன்ட்ரோலரை எடுத்தாலே கை நடுங்குகிறது. எழுபத்திரண்டு வயதில் அது நிற்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். குதிக்க வேண்டியவள் நீ.

வழியை நோட்டில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பாலக்காடு போய் அடிமாலி வழியாகச் சுற்றி வந்தால் வளைவு குறைவு, ஆனால் ஒரு பகல் போய்விடும். டாக்சி வைத்தால் வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லலாம், பாதியில் திரும்பிவிடவும் சொல்லலாம். அதனாலேயே டாக்சி வேண்டாம் என்று எழுதி அடித்தேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு. உன் அத்தை வந்த வழி இதுதான். அவள் பெட்டியைத் தன் பழைய சேலையில் சுற்றி, மேலே உரச் சாக்குப் போட்டுக் கட்டிக்கொடுத்தாள். நானும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. "பொளுதோட ஏறுங்க. யோசன பண்ணீட்டு நிக்காதீங்க" என்றாள். நீ எழுதியதையே அவளும் சொல்கிறாள். நான் உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டவில்லை.

இங்கே முதல் மூணாறு பஸ் வந்து போய்விட்டது. படிக்கட்டு வரை போனேன். இரண்டாவது பஸ் அரை மணி நேரத்தில் வரும்.

இன்னொரு தவறும் இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் என் நோட்டைத் திறந்தேன். முதல் நாளே கோட்டின் ஆரம்பத்தை வரைந்துகொண்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? உன் கிறுக்கல் அதில் இருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை. பழகாதவனின் கைப்பிழை என்று நினைத்து, நான் அதை நேராக்கி வரைந்திருக்கிறேன். ஆற்றங்கரையில் அழகாக ஒரே ஒரு நேர்கோடு. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

ஆனால் ஓரத்தில் குறிப்பு எழுதுவதும் பழக்கம். பென்சிலில் இப்படி இருக்கிறது: 'சுற்று 7. ஆற்றில் இறங்கியது 4.'

நான்கு முறை, அம்மணி. நீ மறந்துவிட்டேன் என்று எழுதிய எண்ணிக்கை. என்னிடம் மிச்சமிருப்பது இதுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.


மறையூர், மதியம்

பஸ் டீக்கு நிற்கிறது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். சின்னாறு தாண்டியதும் கண்டக்டர் என் மடியைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியவரே, அத மேல வைங்க. சாக்குல என்ன, டிவியா?"

"வெளையாட்டுப் பொட்டிங்க."

"பேரனுக்குங்களா?"

"மகனோடதுங்க."

"மகனுக்கு என்ன வயசு?"

"முப்பத்திநாலுங்க."

"முப்பத்திநாலு வயசுல வெளையாட்டுப் பொட்டி, அதச் சுமந்துட்டு அப்பன் மலையேறி வர்றாரு! குடுத்து வெச்ச ஆளுய்யா உங்க மகன்!" என்றார். பஸ்ஸில் நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆமாங்க என்று சொல்லியும் விட்டேன். அவர் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன், ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அதுவும் பழக்கம்.

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டவில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். நேரில் நின்றால் மழையையும் தேங்காயையும்தான் பேசுவேன், அதனால் நீ இதைப் படித்து முடிக்கும் வரை வெளியே நிற்கிறேன். படித்த பிறகு கதவைத் திறக்க மனமில்லை என்றால் பெட்டியை ஜானகியம்மாளிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

திறந்தால், நீ குதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க விடு. அவனை ரோட்டைப் பார்த்து நிறுத்திய பிறகு அணைத்துவிடலாம்.

டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் மேலே போகிற ரோடு தெரிகிறது. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து மழைக்குள் போகிறது. அவன் சொன்ன கடைசி வளைவு எது என்று இங்கிருந்து தெரியவில்லை. மேலே நின்றால் தெரியும் என்றுதானே சொன்னான்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஏறிவிடுகிறேன்.

காளிச்சாமி